காக்கா கடை இறாக்கை



கல்விக் கல்லூரியில் இருந்த காலம், நாங்கள் நாலு பேர் காசு போட்டு ஒரு புத்தகம் வாங்குவோம். யார் முதலில் வாசிப்பது என்று சீட்டுக் குலுக்குவோம். நாலாவது ஆளின் கைக்கு வரும்போது பக்கமெல்லாம் பிளேன்டீக் கறை, ஓரமெல்லாம் பென்சில் சண்டை. உண்மையைச் சொன்னால் கதையை விட அந்தச் சண்டையை வாசிக்கத்தான் எங்களுக்கு ஆசை.

போன கிழமை எங்கட ஊர்ப் புத்தகக் கடைக் காக்கா சொன்னார்: "சேர், கதப் புத்தகம் ஆரு வாங்குற? கைட்டும் கொப்பியும்தான் ஓடுது. டிசம்பர்ல அந்த இறாக்கையக் கழட்டப் போறன்."

அவரைக் குறை சொல்ல முடியாது. கடை வாடகை கதை கேட்காது. ஆனால் இதே காக்காதான், தரம் 7 பொடியன் ஒருவன் தினமும் வந்து நின்றபடியே வாசித்துவிட்டுப் போன புத்தகத்துக்குள் பழைய பஸ் டிக்கெட்டை அடையாளமாக வைத்து, அவன் முடிக்கும் வரை யாருக்கும் விற்காமல் வைத்திருப்பவர்.

இலங்கையின் முதல் தமிழ் நாவல் என்று சொல்லப்படும் சித்திலெவ்வையின் 'அஸன்பே சரித்திரம்' 1885இல் வந்தது. எழுதியவர் நம்மவர். நாளைக்கு ஒரு பிள்ளை அதைத் தேடினால் எங்கே போகும்? கொழும்பு பஸ்தான் ஏற வேண்டும்.

அதனால் நாங்கள் மூன்று ஆசிரியர்கள் கடையிலேயே இருந்து கதைத்தோம். பழைய புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தால் புதியதில் கொஞ்சம் விலைக் கழிவு. வாசித்து முடித்த பிள்ளை ஒரு துண்டுக் கடதாசியில் இரண்டு வரி எழுதி உள்ளே வைக்கலாம், அடுத்து வாங்குபவர் அதைப் பார்ப்பார். எங்களுக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது யோசனை: புத்தகத்தைப் பழுப்புத் தாளில் சுற்றி, பெயர் தெரியாமல், மேலே ஒரு குறிப்பு மட்டும் எழுதி வைப்பது. சும்மா ஒன்று செய்து பார்த்தோம், "ஒரு பிடிவாதக்கார மூத்தம்மாவும் ஒரு தோணியும்" என்று. மாலைக்குள் அது போய்விட்டது. வாங்கியது எட்டு வயதுப் பிள்ளையல்ல, மீன் வாங்க வந்த ஒரு பெரியவர்!

சீட்டுப் பிடிப்பது போல மாதம் சிறு தொகை கட்டி, வருடக் கடைசியில் புத்தகமாக எடுக்கலாம் என்றும் ஒரு கதை. காக்கா சிரித்தார். கணக்கு எழுதும் வேலை அவர் தலையில்தானே விழும். அதை விட்டுவிட்டோம்.

டொமினிக் ஜீவா 1966இல் தொடங்கிய 'மல்லிகை'யைக் கையில் சுமந்து, ஆட்களைத் தேடிப் போய் விற்றவர். நாங்கள் கேட்பது அவ்வளவு இல்லை. கடை வரை நடந்து வாருங்கள்.

வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு, இன்ஷா அல்லாஹ், நாங்கள் மூவரும் அங்கே இருப்போம். வீட்டில் சும்மா கிடக்கும் கதைப் புத்தகம் இருந்தால் கொண்டு வாருங்கள். பஸ் டிக்கெட் வைத்த புத்தகத்தை மட்டும் தொடாதீர்கள், பொடியனுக்கு இன்னும் அரைவாசி இருக்கிறது. சில்லறையும் கொண்டு வாருங்கள். காக்காவிடம் ஒருநாளும் மாற்றக் காசு இருந்ததில்லை.