நாற்பத்து நான்காம் வயதில் நடிப்புப் பாடம்

இக்கல்லூரியில் தமிழ் பயின்று வெளியேறிய பழைய மாணவருள் யானும் ஒருவன். உடன் பயின்றோர் ஆசிரியராயும் அலுவலராயும் அமர, யான் ராஜபார்ட் வேடங் கட்டினேன். வள்ளி திருமணம், பவளக்கொடி, அரிச்சந்திர மயான காண்டம் என இரவு முழுதும் ஆடி, விடியலில் அரிதாரத்தைத் தேங்காயெண்ணெயால் துடைத்துவிட்டுப் பேருந்தில் உறங்கியபடியே திருவரங்கத்து வீட்டிற்குத் திரும்புவது இருபத்திரண்டு ஆண்டுகள் என் பிழைப்பாயிருந்தது.

இங்ஙனமிருக்க, 44-ஆம் வயதில் புதுவைப் பல்கலைக்கழகத்தில் நிகழ்கலை முதுகலைப் பட்டத்திற்கு விண்ணப்பஞ் செய்தேன். எங்கள் குழுவின் முதியவர், "தம்பி, இத்தனை காலம் மேடையில் நின்றவனுக்கு யார் என்ன சொல்லிக்கொடுப்பது? குரல் கெட்டு வருவாய்" என்றார். மனைவி அவ்வளவு பேசவில்லை. இரண்டாண்டு வீட்டுச் செலவிற்கு என்ன வழி என்று மட்டுங் கேட்டாள். அக்கேள்விக்கு என்னிடம் நல்ல விடை இல்லை. கோடை விடுமுறையில் ஆடுவேன் என்றேன்.

அங்குள்ள நாடகப் புலம் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரைத் தாங்கியது. யான் பாடிப் பிழைத்த பாட்டெல்லாம் அவரது மரபில் வந்தவையே. 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவிச் சிறுவர்களைப் பயிற்றியவர் அவர், டி. கே. எஸ். சகோதரர் அங்கே பயின்றவரே. 1922-இல் அவர் மறைந்ததும் புதுவையிலேதான். ஆதலின், அன்னிய வீட்டிற்கன்று, பாட்டனார் வீட்டிற்கே செல்கிறேன் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். மேடையேறிய பின் கற்பது நம் ஊருக்குப் புதிதுமன்று. எப். ஜி. நடேச ஐயரின் திருச்சி ரசிக ரஞ்சனி சபை நாடகத்தில் லோகிதாசனாய்ப் பெயரெடுத்த சிறுவர் தியாகராஜ பாகவதர், அதன் பின்னரே மதுரை பொன்னு ஐயங்காரிடம் சங்கீதம் பயின்றார். அவர் அப்போது சிறுவர். யானோ நரைக்கு மை தடவுகிறவன் என்பதைத்தான் வசதியாக மறந்திருந்தேன்.

முதல் மாதத்திலேயே அது நினைவூட்டப்பட்டது. என் மகன் வயதுடைய தோழர்கள் "அண்ணா" என்றழைத்துப் பாயை விரித்துத் தருவார்கள். குனிந்து நிமிர்வதற்குள் எனக்கு மூச்சு வாங்கும். அதுவும் பெரிதன்று. ஒரு நாள் ஆசிரியர் என்னை நாற்காலியில் அமரச் செய்து, ஒரு கடிதத்திற்காகக் காத்திருக்கும்படி பணித்தார். வசனமில்லை, பாட்டுமில்லை. ஒரு நிமிடங் கழிந்ததும் என்னையறியாமலே முகம் பக்கவாட்டில் திரும்பிற்று. கை தொடையில் தாளம் போட்டது.

"யாரைப் பார்க்கிறீர்கள்?" என்றார்.

"சபையை" என்றேன்.

"இங்கே சபை இல்லை. கடிதந்தான் இருக்கிறது, அதுவும் இன்னும் வரவில்லை."

இளைஞர் யாரும் நகைக்கவில்லை. நகைத்திருந்தால் தேவலை என்றிருந்தது. அன்றிரவு காலாப்பட்டுக் கடற்கரையில் அமர்ந்து, பெட்டியைக் கட்டிவிடலாமா என்று நெடுநேரம் எண்ணினேன். இருபத்திரண்டு ஆண்டு யான் செய்தது நடிப்பா, சபையோடு நடத்திய பேரமா என்னும் ஐயம் அப்போது பிடித்தது.

மார்கழியில் ஊர் வந்தேன். பகற்பத்து நாளொன்றில் அர்ச்சுன மண்டபத்தில் கூட்டத்தோடு கூட்டமாய் நின்றேன். கூம்புக் குல்லாயும் கைத்தாளமுமாய் அரையர் பாசுரத்தை இசைத்தார், பின்னர் அபிநயித்தார், அதன் பின் வியாக்கியானஞ் சொன்னார். சிறுவயது முதற் கண்ட காட்சிதான். ஆனால், அவர் எங்களுக்காக ஆடவில்லை, பெருமாளை நோக்கியே ஆடுகிறார் என்பது அன்றுதான் கண்ணிற் பட்டது. எங்களுள் எவர் வந்தார், எவர் போனார் என்று அவர் பார்க்கவேயில்லை. அப்படியிருந்தும் ஒருவரும் அசையவில்லை. பரம்பரையாய் வரும் அச்சேவைக்குப் பட்டமேது, தேர்வேது! யானோ தேர்வுக்குப் படிப்பதற்காக மறுவாரம் புதுவைக்குத் திரும்பினேன்.

கோடையில், மண்ணச்சநல்லூருக்கு அப்பால் ஒரு கிராமத்து மாரியம்மன் திருவிழாவில் மயான காண்டம் ஆடினோம். சந்திரமதியின் கழுத்தில் தாலியைக் காணும் இடத்தில் வழக்கமாக உடனே பாட்டெடுப்பேன். அன்று எடுக்கவில்லை, அதையே பார்த்து நின்றேன். வரி மறந்தேன் என்றெண்ணி ஆர்மோனியக்காரர் சுருதியை ஒரு முறை அழுத்தினார். இன்னொரு முறையும் அழுத்தினார். பின்வரிசையிலிருந்து, "பாட்டு எங்கே?" என்றொரு குரல் எழுந்தது. முன்வரிசைக் கிழவியொருத்தி அவனை நோக்கி, "சும்மா இருடா, அவன் பார்த்துவிட்டான்!" என்றாள். அதன் பின்னரே பாடினேன். குரல் சற்றுக் கம்மிற்று; அது பயிற்சியாலன்று.

ஆட்டம் முடிந்ததும் ஆர்மோனியக்காரர் கடிந்துகொண்டார்: "அண்ணே, நிற்பதானால் முன்னரே சொல்லக் கூடாதா? எத்தனை நேரம்?"

"மூன்று மூச்சு."

"ஒன்று போதும். கூட்டம் எழுந்துவிடும்."

விடியும்வரை வாதாடி ஒன்றரைக்கு உடன்பட்டோம்.