நிஜமா சார்?

பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷனில் இறங்கினால் நம்மவர்கள் முதலில் தேடுவது, 1893-ல் காந்தியை ரயிலிலிருந்து தள்ளிவிட்ட பிளாட்பாரத்தைத்தான். நானும் பார்த்து, போட்டோ எடுத்துக்கொண்டேன். ஆனால், ஊருக்கு வெளியே பிஷப்ஸ்டோ என்று ஓர் இடம். அங்கேயும் ஒரு நடை போய் வாருங்கள்.

1855-ல் குடும்பத்தோடு நேட்டாலுக்கு வந்த பிஷப் கொலென்ஸோ வாழ்ந்த இடம் அது. கணக்குப் பாடப் புத்தகம் எழுதி இங்கிலாந்தில் பேர் வாங்கியவர். ஜூலுக்களைக் கிறிஸ்தவர்களாக்க வந்தவர், பைபிளை ஜூலுவில் பெயர்க்க ஓர் ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். வில்லியம் இங்கிடி. (கிரிக்கெட் பைத்தியங்களுக்குப் பழகின பெயர்தான், ஆள் வேறு!) 1859-ல் ஜூலு மன்னர் ம்பாண்டேயைப் பார்க்க பிஷப் போனபோது, கூடவே போய் அந்தப் பயணத்தைத் தன் மொழியில் எழுதியவர் இவர்.

நோவாவின் வெள்ளக் கதை வந்தது. இங்கிடி நிமிர்ந்தார். வெயில் நாடு, குளிர் நாடு மிருகமெல்லாம் ஜோடி ஜோடியாக வந்து கப்பல் ஏறிச்சா, அத்தனைக்கும் நோவா தீனி சேர்த்தாரா, நிஜமாகவே இதை நம்புகிறீர்களா என்று கேட்டுவிட்டார்.

கணக்கு வாத்தியாருக்குத் தூக்கம் போச்சு! 'ஆமாம்' என்று பூசி மெழுக மனசு வரவில்லை. வேதத்தில் வரும் எண்களைக் கூட்டிக் கழித்து, 1862-ல் புத்தகமே போட்டார். மதம் மாற்றப் போனவரை ஜூலு மாற்றிவிட்டான் என்று இங்கிலாந்து சிரித்தது. 1863-ல் கேப்டவுன் பிஷப் அவர் பதவியைப் பறித்தார். 1865-ல் பிரிவி கவுன்சில் 'செல்லாது' என்றது.

பிஷப்புக்கு ஊருக்குள் செயின்ட் பீட்டர்ஸ் தேவாலயத்தில் கல்லறை இருக்கிறது. இங்கிடிக்கு? அந்தப் புத்தகம் கேள்வியைச் சொல்கிறது. கேட்டவர் பெயரைச் சொல்லவில்லை.

மேனேஜர் சொன்னதற்கே 'நிஜமா சார்?' என்று கேட்க நமக்கு நாக்கு எழாது. இவர் கேட்டது வெள்ளைக்கார பிஷப்பை... அதுவும் வெள்ளைக்காரன் ஆட்சியில்!