பரணில் கிடந்த பலகைத் துண்டு

புதுவீட்டில் பால் காய்ச்சிய அன்று அத்தை அடுப்பைக் குறைக்கவே இல்லை. பால் பொங்கி, பானைக் கழுத்தில் வழிந்து, கிரானைட் மேடையில் ஓடி, சிங்க்குக்குக் கீழே இருந்த புதுக் கதவின்மேல் வெள்ளைக் கோடாக இறங்கியது. நல்லா பொங்கிடுச்சு என்று சுற்றி நின்றவர்களுக்கெல்லாம் சந்தோஷம். அது 2023 தை மாதம். இருபது வருட வாடகை வாசத்துக்குப் பிறகு ஊரப்பாக்கத்தில் நாங்கள் வாங்கிய வீடு.

புரட்டாசியில் அந்தக் கதவு மூடவில்லை. கணவர் ஸ்க்ரூ டிரைவரால் கீலைத் திருகிச் சரிசெய்தார். இரண்டே நாளில் மறுபடியும் இடித்தது. உள்ளே தலையை விட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். சிங்க்கின் கழிவுக் குழாய் போவதற்காக அடிப்பலகையில் வட்டமாக ஒரு துளை போட்டிருந்தார்கள். அதைச் சுற்றி, டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி பலகை ஊதி நின்றது. விரல் பட்டதும் உதிர்ந்தது. மேலே ஒட்டிய வெள்ளை லேமினேட் மட்டும் புதுசாகவே இருந்தது. துளையின் விளிம்பில் சிலிக்கான் பூச்சு இல்லை, எட்ஜ் பேண்ட் இல்லை. ரம்பத்தின் பல் தடமும், அளவு குறித்த பென்சில் கோடும் அப்படியே தெரிந்தன.

மாடுலர் கிச்சனுக்குக் கொடுத்தது 2,85,000 ரூபாய். வாரண்டி 10 வருடம். அதனால் நான் பெரிதாகக் கவலைப்படவில்லை. போன் செய்த பத்தாவது நாள் ஒரு தம்பி வந்தார், நான்கைந்து போட்டோ எடுத்தார், தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். அடுத்த வாரம் பதில் வந்தது: அதிகப்படியான ஈரத்தாலும் முறையற்ற பராமரிப்பாலும் ஏற்பட்ட சேதம், வாரண்டியில் அடங்காது.

அந்தக் கடிதத்தை நான் கூடத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படித்திருக்கக் கூடாது. எங்கள் அடுக்களை அத்தையுடையது. ராத்திரி எல்லோரும் சாப்பிட்ட பிறகு மேடையைக் கழுவி, துடைத்து, அடுப்பில் சின்னதாக ஒரு கோலம் போட்டுவிட்டுத்தான் படுப்பார். எழுபத்திரண்டு வயதிலும் ஒருநாள் தவறியதில்லை.

"ஏம்மா, நான் தண்ணி ஊத்திக் கழுவினதாலதான் கெட்டுப்போச்சா?" என்று கேட்டார்.

இல்லை அத்தை என்றேன். அவர் நம்பவில்லை. மறுநாளிலிருந்து சிங்க்கைச் சுற்றிப் பழைய வேட்டித் துணியை மடித்து வைத்தார். ஒவ்வொரு பாத்திரம் கழுவியதும் குனிந்து கீழே தொட்டுப் பார்த்தார். தன் வீட்டு அடுக்களையில் அந்த அம்மாள் பயந்து பயந்து புழங்குவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. பணம் போனதைவிட இதுதான் என்னைக் கிளப்பியது. தண்ணீர் படக்கூடாது என்றால் அதற்கு அடுக்களை என்று ஏன் பெயர்? அரிசி களைவதும் கீரை அலசுவதும் அங்கேதான். புகுந்த அன்றே பாலைப் பொங்க விட்டு வழிய விடுகிற இடம் அது. அங்கே வைக்கச் செய்த பெட்டி ஈரத்தைத் தாங்காது என்பது, குடை மழையைத் தாங்காது என்பது போல. அதை வாரண்டி அட்டையில் பொடி எழுத்தில் போட்டுவிட்டால் நியாயமாகிவிடாது.

தெருமுனையில் பட்டறை வைத்திருக்கும் ஆசாரியை அழைத்து வந்தேன். மண்டியிட்டுப் பார்த்தார். உதிர்ந்த தூளை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தார்.

"தண்ணி மேல குத்தம் இல்லம்மா. தண்ணி படும்னு தெரிஞ்ச எடத்துல இதைப் போட்டான் பாருங்க, அவன் மேலதான் குத்தம். இது பிளைவுட்டே இல்ல. பார்ட்டிகிள் போர்டு."

மரச் சிராயைப் பசையில் குழைத்து அழுத்திச் செய்யும் பலகை அது. படுக்கையறை அலமாரிக்குப் பாதகமில்லை. அறுத்த விளிம்பை மூடாமல் விட்டால் ஈரத்தை உறிஞ்சி ஊதும், காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது. பிளைவுட்டிலும் தரம் உண்டு. ஐ.எஸ். 303 தரநிலையில் வரும் எம்.ஆர். என்பது சாதாரண ஈரக்காற்றைத் தாங்கும், அவ்வளவுதான். ஐ.எஸ். 710தான் மரைன் பிளைவுட். 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தாலும் அதன் அடுக்குகள் பிரியக் கூடாது என்பது சோதனை. எங்கள் கொட்டேஷனைத் தேடி எடுத்தேன். மூன்றாவது வரியில் "வாட்டர் ப்ரூஃப் பிளை, 710" என்று இருந்தது. பலகையின் முகத்தில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் உரிம எண்ணும் அச்சாகியிருக்க வேண்டும். ஆனால் லேமினேட் ஒட்டியபின் அதை யார் பார்க்க முடியும்?

அப்போதுதான் அத்தை வாயைத் திறந்தார். "வேலை பாத்தப்ப விழுந்த துண்டு ஒண்ணு பரண்ல கெடக்கு. அரிசி டிரம்முக்கு அடியில வைக்கலாம்னு எடுத்துப் போட்டேன்."

எந்தப் பொருளையும் வீசாத அந்தக் குணம் எங்களைக் காப்பாற்றியது. இரண்டு கை அளவுத் துண்டு. ஆசாரி அதைப் பாதியாக அறுத்தார். ஒரு பாதியைத் துணியில் சுற்றி, தேதி எழுதி வைத்தோம். மறுபாதியைப் பழைய அலுமினியப் பாத்திரத்தில் போட்டுக் கொதிக்க வைத்தோம். கொஞ்ச நேரத்திலேயே விளிம்பு விரிந்தது. ஒரு மணி நேரத்தில் கரண்டியால் கிளறினால் கூழ். அத்தை பக்கத்திலேயே நின்று பார்த்தார். அன்று ராத்திரி வேட்டித் துணியை எடுத்துவிட்டு மேடையைப் பழையபடி கழுவினார்.

கம்பெனிக்கு எழுதினேன். பலகையைப் பற்றி நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை. நல்லெண்ண அடிப்படையில் 40 சதவீதத் தள்ளுபடியில் புதுப் பெட்டி தருவதாகச் சொன்னார்கள். கூடவே, சேதம் பயன்பாட்டால் நேர்ந்தது என்று நாங்கள் ஒப்புக்கொள்ளும் ஒரு தாள். கணவர் அலுத்துப்போய், கையெழுத்துப் போட்டு முடித்துவிடலாம் என்றார். அத்தைதான் மறித்தார்: "காசு கெடக்கட்டும்டா. நான் கெடுக்கலைன்னு எழுதித் தரச் சொல்லு."

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். அதிலும் அதே பதில்தான் வந்தது. பிறகு நோட்டீஸ் அனுப்பினேன். 2024 மாசியில் செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்தேன். வழக்குகள் பெங்களூருவில் மட்டுமே என்று வாரண்டி அட்டையில் போட்டிருந்தார்கள். அதைக் கண்டு பயந்துதான் பலர் நின்றுவிடுகிறார்கள். ஆனால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமே கிடையாது. வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, நானே பேசினேன். வழக்குக்கான காரணம் எழுந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. (கிச்சனையும் பில்டரே செய்து கொடுத்திருந்தால் ரெரா என்ற ரியல் எஸ்டேட் சட்டத்தின் வழியும் உண்டு, வீட்டை ஒப்படைத்த 5 வருடத்துக்குள் தெரியவரும் வேலைத்தரக் குறையை அவர் செலவில் சரிசெய்ய வேண்டும்.)

மூன்று வாய்தா சும்மா போயிற்று. நான்காவது வாய்தாவில், பலகையை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும் என்று மனு போட்டேன். பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாத குறையைச் சோதனைக்கு அனுப்ப அந்த ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. துணியில் சுற்றிய பாதியை மேஜையில் வைத்தேன். அடுத்த வாய்தாவுக்கு முன்னால் எதிர்த்தரப்பு வக்கீல் சமாதானம் பேச வந்தார். கீழ்ப் பெட்டிகள் ஆறையும் 710 பிளைவுட்டில் மாற்றித் தருவதாகச் சொன்னார். லேமினேட் ஒட்டுமுன் முத்திரையை நாங்கள் பார்க்க வேண்டும் என்றேன். சம்மதித்தார்கள். தரக்குறைவான பலகையே காரணம், பயன்பாட்டில் தவறில்லை என்ற ஒரு வரியும் வேண்டும் என்றேன். அதற்குத்தான் அதிக நேரம் இழுத்தார்கள். கடைசியில் எழுதினார்கள். அந்தத் தாளை அத்தையிடம் படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படி என்றார்.

உங்கள் வீட்டில் மரவேலை நடக்கிறதா? பில்லில் பலகையின் தரத்தை ஐ.எஸ். எண்ணோடு எழுதி வாங்குங்கள். லேமினேட் ஒட்டுமுன் முத்திரையைப் படம் எடுங்கள். சிங்க்குக்குக் கீழே போடும் துளையின் விளிம்பை அடைத்தார்களா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். தரையில் விழும் துண்டு ஒன்றைக் குப்பைக்குப் போக விடாமல் எடுத்துப் பரணில் போட்டு வையுங்கள்.