ஜன்னல் துடைப்பது

சிங்கப்பூரில் என் தங்கை பன்னிரண்டாவது மாடியில் குடியிருக்கிறாள். சென்ற வருஷம் இரண்டு வாரம் அவள் வீட்டில் தங்கியிருந்தேன். ஒரு சனிக்கிழமை காலை, எங்கள் பெரியப்பாவின் கஞ்சத்தனத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். லேசில் முடிகிற பேச்சல்ல அது. நடுவில் அவள், "கொஞ்சம் இருங்கண்ணா; ஜன்னல் துடைக்கணும்" என்று எழுந்தாள்.

துடைத்தது என்னவோ அவளல்ல; வீட்டோடு வேலைக்கு இருக்கும் இந்தோனேஷியப் பெண்தான். தங்கை கம்பிக் கிராதி பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தாள். பிறகு கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். அந்தப் பெண் கம்பிகளுக்கிடையே கையை மட்டும் நீட்டித் துடைத்தாள். கால் மணி நேரம் ஆயிற்று. பெரியப்பா காத்திருந்தார்.

"ஏன், அவள் மேல் நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டேன்.

"சட்டம் அண்ணா" என்றாள்.

விவரம் பிறகு சொன்னாள். அந்த ஊரில் மாடி ஜன்னல் துடைக்கப் போன வேலைக்காரப் பெண்கள் அடுத்தடுத்து விழுந்து செத்தார்கள். 2012-ஆம் வருஷம் அரசாங்கம் விதி போட்டது. வெளிப்புறக் கண்ணாடியைத் துடைக்கச் சொன்னால் கிராதி பூட்டியிருக்க வேண்டும்; எஜமானியோ வீட்டுப் பெரியவர் ஒருவரோ கூட நிற்க வேண்டும்; கையைத் தவிர உடம்பில் எதுவும் ஜன்னலைத் தாண்டக் கூடாது. தரைத் தளத்து ஜன்னலுக்கும், பொது நடைவழியைப் பார்த்த ஜன்னலுக்கும்தான் விலக்கு.

பெரிய கட்டடங்களில் தொங்கிக்கொண்டு துடைக்கிறவர்களுக்கு இரண்டு கயிறு உண்டு. ஒன்றில் ஆள் தொங்குவான். அது அறுந்தால் தாங்க மற்றொன்று. அதை வேறு இடத்தில் தனியாகக் கட்டியிருப்பார்கள். வீட்டு ஜன்னலில் ஏறுகிறவளுக்கு ஒரு கயிறுகூட இல்லை.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சென்னையில் எங்கள் வீடு மூன்றாவது மாடி. சமையலறை ஜன்னலுக்குக் கம்பி கிடையாது. பார்வைக்கு நன்றாயிராது என்று நான்தான் வேண்டாமென்றேன். அந்த வருஷம் போகிக்கு முந்தின நாள், பட்டம்மாள் அந்த விளிம்பில் முதுகு வெளியே இருக்கும்படி ஏறி நின்று, இடது கையால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, வலது கையில் பழைய பத்திரிகைக் காகிதத்தால் கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். விளிம்பெல்லாம் சோப்புத் தண்ணீர். நான் அடுத்த அறையில் கதை எழுதிக்கொண்டிருந்தேன். (கதாநாயகி கிணற்றில் விழலாமா கூடாதா என்பது அன்றைய பிரச்னை.)

"ஐயா, கால் வழுக்குது. ஒரு நிமிஷம் வந்து கையைப் பிடிச்சுக்கிறீங்களா?"

"இதோ வந்தேன்" என்றேன். எழுதிக்கொண்டிருந்த வாக்கியத்தை முடித்துவிட்டுத்தான் போனேன். அதற்குள் அவளே எப்படியோ உள்ளே இறங்கித் தரையில் உட்கார்ந்திருந்தாள். கை நடுங்கிக்கொண்டிருந்தது. "ஒண்ணுமில்லீங்க" என்றாள். நானும் ஒன்றுமில்லை என்றே எடுத்துக்கொண்டேன். அந்த வாக்கியம் அச்சில் வந்தது. நன்றாயிருக்கிறதென்று ஒரு நேயர் கடிதம்கூட எழுதியிருந்தார்.

ஊர் திரும்பியதும் முதல் காரியமாகக் கம்பி போட்டேன். நீளக் கைப்பிடி வைத்த ரப்பர் துடைப்பான் ஒன்றும் வாங்கினேன். இந்தப் போகிக்குப் பட்டம்மாள் கம்பிக்குள் கையை விட்டுத் துடைக்க ஆரம்பித்ததும், பேனாவை மூடி வைத்துவிட்டுப் போய்ப் பக்கத்தில் நின்றேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை. இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள்.

"என்னாங்க, என் மேல நம்பிக்கை இல்லீங்களா?" என்றாள்.

அதெல்லாம் இல்லை என்று சொல்லிவிட்டு, அங்கேயே நின்றேன்.