குந்தவைக்குக் கல்யாணம் ஆயிற்றா?

நாவல் படிக்கிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. முதல் பக்கத்தில் ஆரம்பித்து, ஒழுங்கு மரியாதையாகக் கடைசிப் பக்கம் வரை போகிறவர்கள் ஒரு ரகம். கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டி, கதாநாயகிக்கும் கதாநாயகனுக்கும் மாலை மாற்றியாகி விட்டது என்பதை நிச்சயப்படுத்திக்கொண்டு, அப்புறம் நிம்மதியாக முதல் பக்கத்துக்குத் திரும்புகிறவர்கள் இன்னொரு ரகம். நான் இரண்டாவது ரகம்.

கல்யாணத்தில் முடியாத காதல் கதையை நான் தொடுவதில்லை. கண்ணீர் விடுவதற்கு வீட்டிலேயே வெங்காயம் இருக்கிறது. அதற்காகக் காசு கொடுத்துப் புத்தகம் வாங்குவானேன்? இந்த விரதத்துக்கு என் ஆயுளில் ஒரே ஒரு விலக்கு உண்டு. அதுதான் 'பொன்னியின் செல்வன்'. ஐந்து பாகம்! அத்தனை பக்கங்களிலும் வந்தியத்தேவனும் குந்தவைப் பிராட்டியும் பார்த்துக்கொள்கிறார்கள், பேசிக்கொள்கிறார்கள், பிரிந்து பெருமூச்சு விடுகிறார்கள். கல்யாணம் மட்டும் நடந்தபாடில்லை. வானதிக்கு ஆகிவிடுகிறது. ஓடக்காரப் பெண் பூங்குழலிக்குக்கூட ஆகிவிடுகிறது. கதை முடிந்த பிறகு ஆசிரியர் எழுதிய முடிவுரையில் சமாதானம் இருக்கிறது, உண்மைதான். ஆனால் முடிவுரையில் நடக்கிற கல்யாணத்துக்கு நாதஸ்வரம் ஏது?

1950-ஆம் வருஷம் அக்டோபரில் தொடங்கி 1954 வரையில் 'கல்கி' பத்திரிகையில் வாரா வாரம் வந்த கதை அது. என் தாயார் ஒவ்வொரு வாரமும் அந்தப் பக்கங்களை மட்டும் கிழித்துச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து, பழைய காலண்டர் அட்டை போட்டு வைத்திருந்தாள். மணியம் வரைந்த படங்களோடு பார்த்தால்தான் அது கதை. இப்போது கடையில் கிடைக்கிற புத்தகங்களில் எனக்குப் பாதி ருசிதான். தைத்த பக்கங்களின் பின்புறத்தில் சோப்பு விளம்பரமும் சமையல் குறிப்பும் இருக்கும். நந்தினியின் சதிக்கும் பாகற்காய் பிட்லைக்கும் ஏதோ சம்பந்தம் உண்டு என்றுதான் சிறுவயதில் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஓரங்களில் அம்மாவின் பென்சில் குறிப்புகள். பெரும்பாலும் பால் கணக்கு. நந்தினி வருகிற இடங்களில், "இவள் ஒழியமாட்டாளா?" என்று இருக்கும். குந்தவை வருகிற இடங்களில் ஒரே கேள்வி, நாலு வருஷமாகத் திரும்பத் திரும்ப: "எப்போது?"

அம்மா போன பிறகு அந்தக் கட்டு என்னிடம் வந்தது. இந்த "எப்போது?"வும் கூடவே வந்து சேர்ந்தது. 2022-லும் 2023-லும் கதை சினிமாவாக இரண்டு பாகம் வந்ததே, பார்த்தேன். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஆனால் கல்யாணம் அதிலும் இல்லை. போதாக்குறைக்குக் கடம்பூர் மணிமேகலையே இல்லை! அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. கதை நடந்த இடத்துக்கே போய் விசாரித்துவிட்டு வருவது என்று தீர்மானித்தேன்.

என் கணவர் நாவல் படிக்கமாட்டார். தணிக்கை இலாகாவில் முப்பத்தைந்து வருஷம் கணக்குப் பார்த்தவர். "நடக்காத விஷயத்தை ஐந்து பாகம் எழுதினால் அதற்கு வவுச்சர் எங்கே?" என்று கேட்கக்கூடியவர். இருந்தாலும் என்னைத் தனியே விடாமல் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தார். வழியில் கும்பகோணத்தில் காப்பி உண்டு என்று சொல்லி வைத்திருந்தேன்.

கதை ஆடிப்பெருக்கன்று தொடங்குகிறது. ஆகவே நாங்களும் ஆடிப் பதினெட்டன்றே புறப்பட்டோம். வந்தியத்தேவன் குதிரையில் வந்தான்; நாங்கள் சேத்தியாத்தோப்பில் டவுன் பஸ் ஏறினோம். அங்கிருந்து காட்டுமன்னார்கோயில் வரையில் ஏரிக்கரை மேலேயே சாலை. வலது பக்கம் கண்ணுக்கு எட்டிய தூரம் தண்ணீர்; இடது பக்கம் பள்ளத்தில் பச்சைப் பசேலென்று வயல். பஸ்ஸில் ஜன்னல் ஓர இடம் கிடைத்தவர்கள் பாக்கியசாலிகள்.

இதுதான் வீராணம். வீரநாராயணன் என்பது முதற் பராந்தக சோழனின் பட்டப் பெயர். அவன் மகன் இராஜாதித்தன் வெட்டுவித்துத் தந்தையின் பெயரை வைத்தான் என்பார்கள். அந்த இளவரசன் 949-இல் தக்கோலம் போரில் யானைமேல் இருந்தபடியே மாண்டுபோனான். ஏரி நிலைத்துவிட்டது. நீளம் சுமார் 16 கிலோமீட்டர். கொள்ளிடத்துத் தண்ணீர் கீழணையிலிருந்து வடவாறு வழியாக இதற்கு வந்து சேருகிறது. 2004 முதல் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் குழாயில் பயணம் செய்து சென்னைக்கும் போகிறது. "நம் வீட்டுக் குழாயில் வருகிற தண்ணீர் வந்தியத்தேவன் பார்த்த தண்ணீர்!" என்றேன். "அதற்குத்தான் வரி கட்டுகிறோமே" என்றார் அவர்.

ஒரு சங்கதி. கோடையில் போனால் ஏரி வறண்டு கிடந்து உங்களை ஏமாற்றிவிடும். ஆடி, ஆவணியில்தான் போக வேண்டும். அதுவும் காவேரியில் தண்ணீர் விட்டிருக்கிறார்களா என்று கேட்டுக்கொண்டு.

காட்டுமன்னார்கோயிலில் வீரநாராயணப் பெருமாளைச் சேவித்துவிட்டு, பக்கத்தில் உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலுக்குப் போனோம். நான் தேடி வந்தது காதல். அங்கே அகப்பட்டதோ கொலை.

நாங்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே குருக்கள், "கரிகாலன் கல்வெட்டுத்தானே? இப்படி வாங்கோ" என்றார். சினிமா வந்த பிறகு வருகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்களாம். இராஜராஜன் பட்டத்துக்கு வந்த இரண்டாம் ஆண்டில், அவனுடைய ஆணைப்படி பொறித்தது. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், அவன் தம்பி ரவிதாஸன், இன்னொரு தம்பி பரமேச்வரன் ஆகியோர் பெயர் அதில் இருக்கிறது. ஆமாம், நம் மந்திரவாதி ரவிதாஸனேதான்! ஆந்தை மாதிரி கத்தி நம்மை நடுங்க வைத்தவன், இங்கே பஞ்சவன் பிரம்மாதிராஜன் என்ற பெரிய உத்தியோகப் பட்டத்தோடு நிற்கிறான். கல்கி அவனைக் கற்பனையில் பிடிக்கவில்லை, கல்லிலிருந்து பிடித்திருக்கிறார்.

அது மட்டும் என்றால், "ஆகா!" என்று சொல்லிவிட்டு வந்திருப்பேன். ஆனால் அந்தக் கல்வெட்டு கொலைகாரர்களோடு நிற்கவில்லை. அவர்களுடைய உறவினர் ஜாபிதா நீண்டுகொண்டே போகிறது. பெண்டாட்டிமார், மக்கள், மாமன்மார், உடன்பிறந்தவளைக் கட்டிக்கொண்டவர்கள், பெண்ணைக் கட்டிக்கொண்டவர்கள் என்று வரிசையாகச் சொல்லி, இத்தனை பேருடைய நிலபுலன்களையும் பறிமுதல் செய்யும்படி சபையாருக்கு உத்தரவு. எனக்கு அந்த இடத்தில் கால் நகரவில்லை. ரவிதாஸன் குடும்பத்துப் பெண் ஒருத்தியை யாரோ ஒரு பிள்ளையாண்டான் ஆசைப்பட்டுக் கல்யாணம் செய்துகொண்டிருப்பான். கத்தியையே பார்த்திராதவனாக இருப்பான். கடைசிப் பக்கத்தில் மாலை மாற்றியாகிவிட்டது என்று நான் மூடி வைத்துவிடுகிற கதை அது. அதற்கு அப்புறம் ஒரு பக்கம் இருந்திருக்கிறது. அதை இங்கே கல்லில் அடித்து வைத்திருக்கிறார்கள்.

"என்ன, பேச்சையே காணோம்?" என்றார் என் கணவர்.

"இவங்கள்ளாம் என்ன பண்ணினாங்க? வாழ்க்கைப்பட்டதைத் தவிர?" என்று கேட்டேன்.

அவர் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துவிட்டு, "ஜாமீன்தாரர் மேலேயும் ஜப்தி போட்டிருக்கான்" என்றார். அவர் பாஷையில் அது அனுதாபம்தான்.

அங்கிருந்து கடம்பூர் பக்கத்தில்தான் இருக்கிறது. சம்புவரையர் மாளிகையும் சுரங்க வழியும் தேடிப் போகிறவர்கள் ஏமாந்து போவார்கள். இருப்பது மேலக்கடம்பூர்ச் சிவன் கோயில். சக்கரமும் குதிரையும் பூட்டிய தேர் மாதிரியே கல்லில் கட்டியது. முதற் குலோத்துங்கன் காலத்து வேலை. அதாவது மணிமேகலைக்கு நூறு வருஷம் பிந்தியது. ஆனாலும் அந்த ஊர் மண்ணில் நின்று மணிமேகலைக்காக ஒரு நிமிஷம் வருந்தினேன். வந்தியத்தேவன்மேல் வைத்த ஆசைக்காகச் செய்யாத கொலையைக்கூடத் தான் செய்ததாக ஏற்றுக்கொள்ளத் துணிந்த பெண். குந்தவைக்கு அறிவு அதிகம், ஒப்புக்கொள்கிறேன். நெஞ்சு என்று வந்தால் என் ஓட்டு கடம்பூருக்குத்தான்.

பிறகு அணைக்கரை. கீழணையைத் தாண்டும்போது கொள்ளிடக் கரையெல்லாம் ஒரே பெண்கள் கூட்டம். மஞ்சள் கயிறு, காதோலை கருகமணி, தூக்கு நிறையச் சித்திரான்னம். முன்பின் தெரியாத ஓர் அம்மாள் என் கையில் எலுமிச்சஞ்சாதம் ஓர் உருண்டை வைத்து, "சாப்பிடும்மா, ஆத்தாளுக்கு மசக்கை" என்றாள். காவேரிக்கு! ஆயிரம் வருஷமாக இந்த ஊர்ப் பெண்கள் நதியைக்கூடப் புக்ககம் போன பெண்ணாகத்தான் பார்க்கிறார்கள். நாவல் படித்து நான் கெட்டுப்போனதாகச் சொல்கிறவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

கும்பகோணத்துக் காப்பியைப் பற்றித் தனிக் கட்டுரை எழுத வேண்டும்; போகட்டும். மறுநாள் காலையில் பட்டீச்சுரத்துக்கு மினி பஸ். பழையாறை அங்கேதான். இளையபிராட்டி வாழ்ந்த நகரம். இன்று வாழைத் தோட்டமும் வாய்க்காலும், சோமநாதர் கோயிலும்தான். அரண்மனை என்று ஒரு செங்கல்கூட எங்கள் கண்ணில் படவில்லை. ஆனால் வழியில் கண்டக்டர், "சோழன்மாளிகை எறங்கு! சோழன்மாளிகை யாரு?" என்று சத்தம் போட்டாரே, அப்போது மயிர்க்கூச்செறிந்தது. ஊருக்கு அதுதான் பெயர். ஒரு பாட்டி கீரைக் கூடையோடு இறங்கினாள். மாளிகை போயும் ஸ்டாப்பிங் இருக்கிறது.

சாயங்காலம் நாலு மணிக்குத் தஞ்சாவூர்ப் பெரிய கோயில். என் கேள்விக்கு அங்கேதான் பதில் என்பது எனக்குத் தெரியும். ஹூல்ஷ் என்ற ஜெர்மானியர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கோயில் கல்வெட்டுகளைப் படித்து அச்சிட்டார். அந்தத் தொகுதியின் சில பக்கங்களை ஒரு நூல்நிலையத்தில் பிரதி எடுத்துக் கையோடு கொண்டுபோயிருந்தேன். ஆனால் காகிதத்தில் பார்ப்பது வேறு, கல்லில் பார்ப்பது வேறு. கல்லில் என்றால், அந்தக் கோயிலில் எழுத்தில்லாத கல் எங்கே இருக்கிறது? மூன்று தடவை சுற்றினேன். கழுத்து வலித்தது.

இதற்குள் என் கணவரைக் காணோம். தேடிப் போனால், மனிதர் ஒரு சுவருக்கு முன்னால் மூக்குக் கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிக்கொண்டு, என் காகிதங்களையும் கல்லையும் மாற்றி மாற்றிப் பார்த்தபடி நிற்கிறார். முகத்தில் அப்படி ஒரு பிரகாசம்! எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் அதைப் பார்த்ததில்லை.

"இதோ பார்! ஒரு நகையை விடலை. பொன் எத்தனை கழஞ்சு, எத்தனை மஞ்சாடி, எத்தனை குன்றி, எல்லாம் எழுதியிருக்கான். ரெண்டு குன்றி ஒரு மஞ்சாடி, இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. எடைக்கல்லுக்குக்கூடப் பேர் வெச்சிருக்கான், ஆடவல்லான்னு. இவனல்லவோ ராஜா!"

இராஜராஜன், தான் கொடுத்ததைச் சொல்லி, அடுத்தபடியாகத் தன் அக்காள் கொடுத்ததைச் சொல்லி, அதற்கு அப்புறந்தான் தன் பெண்டுகள் கொடுத்ததைச் சொல்கிறான். இதைப் படித்தபோது அவன் ராணிகளுக்காக எனக்குக் கொஞ்சம் கோபம்தான். ஆனால் நாத்தனார் குந்தவை அல்லவா? யார் என்ன சொல்லியிருக்க முடியும்! அவள் இந்தக் கோயிலில் அம்மன் திருமேனிகளையும், தன் தந்தை தாயாருடைய பிரதிமைகளையும் எழுந்தருளுவித்து, பொன்னும் மணியுமாகக் கொடுத்திருக்கிறாள்.

"கொடுத்தவங்க பேர் எப்படிப் போட்டிருக்கு? அதைத்தான் பார்க்கணும்" என்றேன்.

அவர் விரலை வைத்துக்கொண்டு, எழுத்து எழுத்தாகக் காகிதத்தோடு ஒத்துப் பார்த்தார். இராஜராஜ தேவருடைய தமக்கையார். அப்புறம் வல்லவரையர் வந்தியத்தேவருடைய மகாதேவியார். அதற்கும் அப்புறந்தான் குந்தவையார் என்று அவள் பெயர்.

"இன்னொரு தடவை படியுங்க."

படித்தார்.

"அப்படின்னா கல்யாணம் ஆச்சுன்னுதானே அர்த்தம்?"

"வரவுப் பதிவேட்டிலே 'இன்னார் மனைவி'ன்னு ஏறியிருக்கு. ராஜாவே உத்தரவு போட்டு வெட்டின பதிவேடு. ஏறினா நடந்ததுதான்" என்றார் தணிக்கை அதிகாரி.

பையிலிருந்து அம்மாவின் கட்டை எடுத்தேன். "எப்போது?" என்று இருந்த ஓர் ஓரத்தில், "ஆகிவிட்டது, அம்மா. தேதி மட்டும் போடவில்லை" என்று பென்சிலால் எழுதினேன். அதைப் பார்த்தும் அவர் ஒன்றும் கேலி செய்யவில்லை. கேலி செய்ய அவருக்கு நேரம் எங்கே? குந்தவையின் நகைகளைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

விளக்குப் போட்டார்கள். நடை சாத்தும் நேரம் ஆயிற்று. காவல்காரர் வந்து இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார். "இன்னும் ஒரு பக்கம் பாக்கி இருக்கு, காலையிலே ஆறு மணிக்கே வந்துடணும்" என்று சொல்லிக்கொண்டே வாசல் வரைக்கும் வந்தவர், கோபுரத்தடியில் நின்று, "அந்த வந்தியத்தேவன்... அவனுக்கு என்ன சம்பளம்?" என்று கேட்டார்.