அல்லிக்காகப் பேசியவர்கள்

எங்கள் வீட்டிலிருந்த பெரிய எழுத்து ‘அல்லி அரசாணி மாலை’க்கு அட்டை இல்லை. கடைசிச் சில தாள்களும் இல்லை. மிச்சமிருந்த முதல் தாளில் சென்னை கொண்டித்தோப்பு இரத்தின நாயகர் பெயரும், இயற்றியவராகப் புகழேந்திப் புலவர் பெயரும் இருந்தன. நளவெண்பா பாடிய புகழேந்தி இதைப் பாடியிருக்க முடியாது, இதன் மொழி எவ்வளவோ பிந்தியது என்று அறிஞர்கள் சொல்வதைக் கல்லூரிக்குப் போன பிறகுதான் படித்தேன். மேலூர்ப் பக்கத்து எங்கள் ஊரில் அந்தக் கேள்வி எழுந்ததே இல்லை. அல்லி மதுரையை ஆண்டவள். மதுரையோ பஸ் ஏறினால் வந்துவிடுகிற ஊர். பக்கத்து ஊர்க்காரி ஒருத்தியின் கதையாகவே அதைக் கேட்டார்கள்.

மாசி, பங்குனியில் புளி உலுக்கி வந்து குவிந்திருக்கும். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அப்பத்தா, சின்னப்பாட்டி, அடுத்த வீட்டு அத்தைமார் எல்லாரும் எங்கள் வீட்டு உள்திண்ணையில் கூடி ஓடு உடைத்துக் கொட்டை எடுப்பார்கள். கை வேலையாக இருக்கும், காது சும்மா இருக்கும். எழுத்துத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் படிக்கிற வேலை எனக்கு. சும்மா வாசித்தால் ஒப்பமாட்டார்கள். அம்மானைப் பாட்டை அடிக்கு அடி ராகம் போட்டு, கடைசி எழுத்தை இழுத்து நிறுத்தவேண்டும். அந்த இழுப்பில்தான் அவர்களுக்குப் பேச இடம் கிடைக்கும். முதல் சில நாட்கள் அந்தப் பேச்சு எனக்கு இடைஞ்சலாக இருந்தது. போகப்போக அதற்காகவே இழுத்துப் படித்தேன்.

வியாச பாரதத்தில் அல்லி கிடையாது. வில்லிபுத்தூரார் பாரதத்தில் அர்ச்சுனன் தீர்த்த யாத்திரை வந்த இடத்தில் பாண்டியன் மகள் சித்திராங்கதையை மணக்கிறான். அந்த விதையிலிருந்துதான் அல்லி முளைத்தாள் என்று சொல்வார்கள். ஆனால் சித்திராங்கதை சில பாட்டுகளில் வந்து போகிறவள். அல்லிக்கோ ஒரு நாடே இருந்தது. அல்லிப்பூவில் கிடைத்த குழந்தை, பாண்டியன் வீட்டில் வளர்ந்து, மதுரையைப் பிடித்து வைத்திருந்த நீன்முகனை வென்று சிம்மாசனம் ஏறினாள். மந்திரி பெண், காவல் பெண், சேனை முழுவதும் பெண்கள். ஆண் வாடையே அவள் அரண்மனைக்கு ஆகாது. இந்த இடம் வரும்போது புளி உடைக்கிற சத்தம் குறைந்துவிடும். புருஷனிடம் அடி வாங்கி முதல் நாள் இரவு பிறந்த வீட்டுக்கு வந்திருந்த ஒரு அக்கா, அந்தப் பகுதியை மட்டும் மறுபடி மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்டது நினைவிருக்கிறது.

பிறகு அர்ச்சுனன் வருவான். அவளைக் கண்டு மயங்குவான். அவள் இணங்கமாட்டாள். கண்ணன் பாம்பாட்டியாகவும் அர்ச்சுனன் பாம்பாகவும் வேடம் மாறுவார்கள். பாம்பின் அழகில் மயங்கி அல்லி அதைத் தன் பள்ளியறைக்குக் கொண்டுபோவாள். அவள் தூங்கும்போது பாம்பு மனிதனாகித் தாலி கட்டிவிடும். படிக்கிற எனக்கு அப்போது அது மாயாஜாலக் கதை. சங்கரதாஸ் சுவாமிகள் வழி நாடகமேடையிலும், பாகவதர் முதன்முதலாக நடித்து 1934இல் வந்த ‘பவளக்கொடி’ படத்திலும் அர்ச்சுனன்தானே பாடி மயக்குகிற நாயகன்?

எங்கள் திண்ணையில் அவன் நாயகன் இல்லை. அப்பத்தா கையை ஓங்கி என்னை நிறுத்தினாள். “இந்தா, நிப்பாட்டு தாயி. தூங்குறவ கழுத்துல கட்டுனா அது தாலியா? ஆடு மாட்டுக்குத்தேன் கேக்காமக் கயிறு போடுவாக.” சின்னப்பாட்டி, “கூட வந்தவரு சாமியாச்சே அக்கா” என்றாள். “சாமியா இருந்தா இன்னுந் தப்பு” என்று அப்பத்தா கொட்டையை முறத்தில் எறிந்தாள். அவள் பதின்மூன்று வயதில் கட்டிக்கொடுக்கப்பட்டவள். கல்யாணத்தன்று தூக்கக் கலக்கத்தில் இருந்ததால் தாலி ஏறியதே தெரியாது என்று வேறொரு சமயம் என் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள்.

பவளக்கொடி கதை இன்னும் சிக்கல். அல்லியின் பிள்ளை புலந்திரன் பவளத்தேர் வேண்டுமென்று அழ, அதைத் தேடிப் போன இடத்தில் அர்ச்சுனன் பவளக்கொடியை மணந்துகொள்கிறான். அல்லிக்கு நெருப்புப் பற்றிக்கொள்கிறது. கேட்டவர்கள் எல்லாரும் அல்லி கட்சி. பவளக்கொடியைக் கரித்துக் கொட்டினார்கள். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒரு அத்தை இளைய தாரமாக வாக்கப்பட்டு வந்தவள். அதிகம் பேசாதவள். வெகுநேரம் குனிந்தபடி நார் உரித்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: “கடலுக்கு நடுவுல இருந்தவளுக்கு, இவனுக்கு ஊருக்கு ஒருத்தி இருக்கான்னு யாரு வந்து சொன்னா?” யாரும் பதில் சொல்லவில்லை. அப்பத்தாதான், “அதுவுஞ் சரித்தேன். மேல படி” என்றாள். அதன் பிறகு எங்கள் திண்ணையில் பவளக்கொடியை யாரும் ஏசி நான் கேட்டதில்லை.

இதிகாசத்தைப் பெண் பக்கம் நின்று சொல்வது எழுத்திலும் நமக்குப் புதிதல்ல. ஸ்ரீரங்கத்திலிருந்து எழுதிய குமுதினி, சீதை அயோத்தியிலிருந்து தன் அம்மாவுக்குப் புடவை பற்றிக் கடிதம் எழுதுவதாகக் கற்பனை செய்தது 1934இல், ஆனந்த விகடனில். புதுமைப்பித்தனின் ‘சாபவிமோசன’த்தில், சீதை தீக்குளித்த செய்தி கேட்டு அகலிகை மறுபடி கல்லாகிறாள். அம்பையின் ‘அடவி’யில் ஒரு பெண் காட்டுக்குப் போய்ச் சீதையின் ராமாயணத்தை எழுதுகிறாள். ஒவ்வொன்றையும் ஆசையாகப் படித்திருக்கிறேன். குமுதினியைப் படித்தபோது, எங்கள் திண்ணையில் உட்கார வைக்கவேண்டியவர் இவர் என்று தோன்றியது. சீதைக்கு மாற்றுப்புடவை இருந்ததா என்பதுதான் அங்கேயும் முதல் கேள்வியாக இருந்திருக்கும்.

ஆனால் இவையெல்லாம் ஒருவர் எழுதி இன்னொருவர் தனியாக இருந்து படிப்பவை. அல்லி கதையை எங்கள் வீட்டுப் பெண்கள் மாற்றிச் சொன்னது அப்படி அல்ல. புத்தகம் அல்லியை எப்படியும் அர்ச்சுனனுக்கு மனைவியாக்கிவிடும். அவர்கள் அதைத் திருத்தி எழுதவில்லை, எழுதவும் தெரியாது. அடிக்கும் அடிக்கும் இடையில் மறித்துக் கேட்டார்கள். கடைசித் தாள்கள் இல்லாததால் முடிவை ஆளுக்கு ஒரு விதமாகச் சொன்னார்கள். ஒருத்தி கதையில் அல்லி மதுரையை விட்டு அசையவே இல்லை. வேண்டுமென்றால் அவன் வந்து போகட்டும் என்று இருந்துவிட்டாள்.

ஊருக்கு டிவி வந்ததும் மத்தியானக் கூட்டம் கலைந்தது. புளியை மொத்தமாக வியாபாரிக்கு விட்டுவிட்டார்கள். எங்கள் புத்தகம் கரையானுக்குப் போனது. வேறொரு பிரதியைப் பிறகு தேடி வாங்கினேன். அட்டையும் கடைசித் தாள்களும் முழுதாக இருக்கிற பிரதி. ராகம் இன்னும் வாய்க்கு வருகிறது. இழுத்து நிறுத்தினால் மறிக்கத்தான் ஆள் இல்லை.

நினைவில் தங்கிய பேச்சுகளை ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். பாதிக்கு மேல் அரைகுறை. பிள்ளை பவளத்தேர் கேட்டால் அர்ச்சுனன் எதற்குப் போகவேண்டும், நாடு பிடித்தவளுக்கு ஒரு தேர் கொண்டுவரத் தெரியாதா என்று சின்னப்பாட்டி ஒருநாள் கேட்டாள். அதற்கு அப்பத்தா சொன்ன பதிலில் திண்ணையே சிரித்துப் புரண்டது. எனக்குக் கேள்வியும் சிரிப்பும் நினைவிருக்கின்றன, பதில் இல்லை. அன்றைக்கு அங்கே இருந்தவர்களில் கடைசி ஆளான அந்த இளைய தாரத்து அத்தையிடம் கேட்டுவிடலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். போன தை மாதம் அத்தையும் போய்விட்டாள்.