வாங்கிக்கொள்ளும் கை

யாரிடமும் கை நீட்டக் கூடாது என்று சொல்லி வளர்த்த வீடு எங்களுடையது. அடுத்த வீட்டார் வாழைப்பழம் கொடுத்தாலும் "வேண்டாம்" என்பதுதான் முதலில் வாயில் வரும். அந்தப் பழக்கத்தோடுதான் ஜப்பானின் ஷிகோகு தீவுக்குத் தனியாகப் போனேன்.

கூகாய் என்ற துறவியின் (774–835) நினைவாக அந்தத் தீவைச் சுற்றி 88 கோயில்களுக்கு யாத்திரை போகிறார்கள். எல்லாவற்றையும் நடந்தே முடிக்க ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். நான் நடந்தது டோகுஷிமா பகுதியின் 23 கோயில்கள் மட்டும். முதல் கோயிலான ரியோசென்ஜியிலேயே வெள்ளை மேலங்கியும் கைத்தடியும் கிடைக்கின்றன. தடியைக் கூகாயாகவே பாவிக்கிறார்கள். விடுதியை அடைந்ததும் முதலில் தடியின் அடியைக் கழுவ வேண்டும். பிறகுதான் நம் ஓய்வு. பாலத்தின் மேல் அதை ஊன்றுவதும் கூடாது. தங்க இடம் கிடைக்காமல் கூகாய் ஒரு பாலத்தடியில் இரவைக் கழித்தாராம். அவர் உறக்கம் கலையக் கூடாதே! போகப் போக, பாலத்தைக் கண்டாலே என் கை தானாகத் தடியைத் தூக்கிக்கொண்டது.

அந்த வெள்ளை அங்கியைக் கண்டதும் சைக்கிளில் போகிறவர் இறங்கி வந்து ஆரஞ்சு கொடுப்பார். கடைக்காரர் உட்காரவைத்துத் தேநீர் ஊற்றுவார். இந்த உபசாரத்துக்கு ஓசெத்தாய் என்று பெயர். மறுப்பது முறையல்ல. பெயரும் ஊரும் எழுதிய சிறு தாளொன்றைப் பதிலுக்குக் கொடுத்தால் போதும். விமானம் ஏறி வரும் அளவுக்குச் சம்பாதிக்கிற எனக்கு இவர்கள் ஏன் தர வேண்டும் என்று உள்ளுக்குள் கூசிக்கொண்டே இருந்தது.

11ஆம் கோயிலிலிருந்து 12ஆவதான ஷோசான்ஜிக்குச் சுமார் 13 கிலோமீட்டர் மலைப்பாதை. மூச்சு வாங்கும் ஏற்றம். அதற்கு முன்பாக ஒரு மூதாட்டி 100 யென் நாணயத்தை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். முழங்கால் வலியால் என்னால் இனி மலையேற முடியாது, நீ போனால் நானும் போன மாதிரி என்றார். கைபேசிதான் அதை எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னது. அதுவரை என் கூச்சத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். கொடுப்பவருக்கும் இந்த நடையில் பங்கு உண்டு. யாத்திரிகர் தந்த தாள்களை வைக்கோல் பையில் சேர்த்துக் காப்பாக உத்தரத்தில் தொங்கவிடும் வழக்கம் அந்தக் காலத்து வீடுகளில் இருந்திருக்கிறது.

மலை உச்சியில் அந்த நாணயத்தை உண்டியலில் இட்டு, அவருடைய முழங்காலுக்காகத் தமிழிலேயே வேண்டிக்கொண்டேன். அதன்பிறகு யார் தந்ததையும் இரு கையாலும் வாங்கினேன்.

போகிறவர்கள் அந்தத் தாள்களை மூட்டையின் அடியில் வைத்துவிடாதீர்கள். எழுதித் தயாராகச் சட்டைப்பையில் இருக்கட்டும். கொடுக்கிறவர்கள் கொடுத்த கையோடு போய்விடுகிறார்கள்.